பயிற்சி நூல் திறக்காத வாரம்

பேராக் தமிழ்ப்பள்ளிகளில் ஆண்டு 1, 2, 3 வகுப்புகளில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கும் பெற்றோருக்கும், அவர்களை அன்றாடம் பள்ளிக்குக் கொண்டுவந்து விடும் தாத்தா பாட்டிமாருக்கும்,



சென்ற மாதம் எங்கள் பள்ளியில் ஆண்டு 2 பிள்ளைகளுக்கு ஒரு வாரம் முழுக்கச் செயல்வழிக் கற்றல் நடந்தது. எதையும் செய்து பார்த்துத்தான் படிப்பது என்று வைத்துக்கொண்டோம். பயிற்சி நூலைத் திறக்கவில்லை, வீட்டுப்பாடமும் கொடுக்கவில்லை. புதன்கிழமை இரவுக்குள் பெற்றோர் புலனக் குழுவில் கேள்விகள் குவிந்துவிட்டன. "டீச்சர், இந்த வாரம் பாடமே நடக்கலையா?" "பக்கத்துப் பள்ளியில கணித நூல் பாதி முடிஞ்சிருச்சாமே?" ஒரு தாய் மட்டும் தனியாக எழுதியிருந்தார். மகன் பள்ளிவிட்டு வந்ததும் சட்டைகூட மாற்றாமல் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை உருவிக் கட்டுக் கட்டாகக் கட்டுகிறானாம். திட்டுவதா, விட்டுவிடுவதா என்று கேட்டிருந்தார்.

குழுவில் இரண்டு வரியில் பதில் போட்டேன். அது போதவில்லை. ஈப்போவின் பெரிய பள்ளிகளிலும், சுங்கை சிப்புட், பீடோர், பாகான் டத்தோ பக்கங்களில் தோட்டத்தின் பெயரை மட்டும் இன்னும் தாங்கி நிற்கும் சின்னப் பள்ளிகளிலும் இதே கேள்விதான் வருகிறது என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அதனால்தான் உங்கள் எல்லாருக்குமாக இந்த மடல்.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு வாரத்தைப் பள்ளி ஒதுக்கினால், எத்தனை பக்கம் முடிந்தது என்று கணக்குப் பார்க்காதீர்கள். முடிந்தால் நீங்களே வகுப்புக்குள் வாருங்கள். உங்கள் கைத்தொழில் எங்களுக்கு வேண்டும்.

அந்த விளக்குமாற்றுப் பையனின் கதையிலிருந்தே தொடங்குகிறேன். 42-இலிருந்து 18-ஐக் கழிக்கச் சொன்னால் அவன் எப்போதும் 36 என்றுதான் எழுதுவான். 2-இலிருந்து 8 போகாது என்றதும், 8-இலிருந்து 2-ஐக் கழித்து 6 போட்டுவிடுவான்; 4-இலிருந்து 1 போனால் 3; ஆக 36. கணிதம் சொல்லித்தரும் எந்த ஆசிரியரும் இந்தத் தவறை அறிவார். சிவப்பு மையால் எத்தனை முறை திருத்தினாலும் போகாது. பிள்ளைக்கு அந்த 4 என்பது நாற்பது என்று கண்ணில் படாத வரை அது வெறும் 4தான்.

திங்கட்கிழமை செம்பனை மட்டையிலிருந்து கிழித்த ஈர்க்குகளைப் பிள்ளைகள் பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள். அவன் முன்னால் நான்கு கட்டும் இரண்டு தனி ஈர்க்கும் இருந்தன. 18 எடு என்றேன். முதலில் தனியாகக் கிடந்த இரண்டையும் எடுத்துக்கொண்டான். பிறகு ஒரு கட்டிலிருந்து வளையத்தைக் கழற்றாமலே ஓர் ஈர்க்கை உருவப் பார்த்தான். அது பாதியில் ஒடிந்தது. பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கட்டையே உற்றுப் பார்த்துவிட்டு வளையத்தைக் கழற்றித் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டான். பத்தும் பரவி விழுந்தன. கையிலிருந்த இரண்டையும் அவற்றோடு சேர்த்துப் பன்னிரண்டு என்று எண்ணினான். எட்டை எடுத்து ஒதுக்கினான், நான்கு மிச்சம். கட்டுகளைப் பார்த்தான், நான்கு இருந்த இடத்தில் இப்போது மூன்று. ஒன்றை எடுத்தான். "டீச்சர், இருபத்து நாலுதான் இருக்கு, இன்னொன்னு எங்க போச்சு?" என்று கேட்டான். எங்கே போனது என்று நான் சொல்லவில்லை. அவன் மணிக்கட்டைக் காட்டினேன்.

இதற்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் பயிற்சி நூலில் நாற்பது கணக்குப் போட்டிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். நாற்பதும் தவறாகப் போட்டிருப்பான்.

நம் நாட்டில் 2019 முதல் ஆண்டு 1-லிருந்து 3 வரை தேர்வே கிடையாது. ஆசிரியர் வகுப்பிலேயே பிள்ளையைக் கவனித்து, 1 முதல் 6 வரை அடைவுநிலை குறிக்க வேண்டும். 2021-இல் ஆண்டு 6 பிள்ளைகள் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் தேர்வையும் எடுத்துவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மூச்சுவிட இடம் கிடைத்த முடிவு அது. நெடுநாளாக ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் கிடைத்த இடத்தை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று உங்கள் வீட்டுப் புத்தகப்பையைத் திறந்து பாருங்கள். தமிழுக்கு ஒரு பயிற்சி நூல், மலாய்க்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று, கணிதத்துக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று. ஏழு வயதுப் பிள்ளை முதுகு வளைந்து நடக்கிறது. தேர்வு போய்விட்டது, தேர்வுக்குத் தயாராகும் வேலை மட்டும் போகவில்லை. இதில் உங்களைக் குறை சொல்லவில்லை. பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற பயம் எந்தத் தாய்தகப்பனுக்கும் வரும். ஆண்டு 4-க்குப் போனால் மறுபடி எழுத்துத் தேர்வு வரும் என்பதும் உண்மைதான். அதற்கு முந்திய இந்த மூன்று ஆண்டுகளையாவது பிள்ளையின் கைக்கு விட்டுவிடலாம் என்கிறேன்.

செவ்வாய்க்கிழமை தமிழ். தட்டில் மணல் பரப்பி விரலால் எழுதினார்கள். ஈயம் தோண்டிய கிந்தா பள்ளத்தாக்கில் மணலுக்குப் பஞ்சமில்லை. இரண்டு சுழி ன, மூன்று சுழி ண என்று வாயால் சொல்லிக்கொண்டே விரல் சுழிக்கும்போது, எழுத்தைக் கண்ணால் பார்த்து எழுதும்போது வராத தெளிவு வருகிறது. இதை ஏதோ வெளிநாட்டிலிருந்து இறக்கிய புது முறை என்று நினைக்க வேண்டாம். 1789-இல் சென்னை எழும்பூரில் ஆண் பிள்ளைகளின் அனாதைப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம்மவர் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளில் அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர் வழங்கியது. நாம்தான் இடையில் விட்டுவிட்டோம்.

புதன்கிழமையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எங்கள் பள்ளி வேலிக்குப் பின்னால் தோட்டம் விட்டுவிட்டுப் போன ரப்பர் மரங்கள் சில நிற்கின்றன. வகுப்பில் ஒரு பிள்ளையின் பாட்டி, செம்மோர் பக்கத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிப் பிழைத்தவர். வந்து வெட்டிக் காட்டுங்கள் என்று கேட்டபோது, "நான் மூணாவதோட நின்னவ. நான் வந்து பள்ளிக்கூடத்துல என்னத்த சொல்லிக் குடுக்கப் போறேன்?" என்றார். பேரப்பிள்ளையை அனுப்பிக் கேட்கச் சொன்னதும்தான் சம்மதித்தார்.

அன்று காலை முதல் மணிக்கே போனோம். கையில் அவருடைய பழைய கத்தி, பையில் துணியில் சுற்றிய, பால் பிடிக்கும் மங்கு. பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துவிட்டு மரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரிவாக ஓர் இழுப்பு. பட்டை, தாள் போல மெல்லிய சுருளாக உதிர்ந்தது. சற்று நேரத்தில் வெட்டுவாய் முழுக்க வெள்ளைப் புள்ளிகள் அரும்பின. புள்ளிகள் சேர்ந்து கோடாகி, கோடு வழிந்து மங்கில் சொட்டத் தொடங்கியது. பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு கேள்விகள் கொட்டின. ஏன் இந்தப் பக்கமே சாய்வாக வெட்டுகிறீர்கள்? ஏன் இன்னும் ஆழமாக வெட்டவில்லை? பால் ஏன் தானாகவே நின்றுவிடுகிறது? ஏன் இருட்டோடு போவீர்கள்?

பாட்டி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். இந்தப் பக்கம் வெட்டினால்தான் பால் நிறைய வரும். ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டு முடிச்சு விழும், அப்புறம் அந்தப் பட்டையில் வெட்ட முடியாது, தண்டல் சும்மா விடமாட்டார். வெயில் ஏற ஏறப் பால் குறையும். அவர் கை அறிந்தவற்றின் காரணங்களை மறுநாள் நான் வகுப்பில் எடுத்துச் சொன்னேன். ரப்பர் மரப்பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக மேலே போவதில்லை. இலேசாக வலப்பக்கம் சாய்ந்து சுற்றிக்கொண்டு ஏறுகின்றன. இடமிருந்து வலமாகச் சரித்து வெட்டும்போதுதான் அதிகக் குழாய்கள் அறுபடும். சூரியன் ஏறியதும் இலைகள் நீரை வெளிவிட, மரத்துக்குள் அழுத்தம் குறைகிறது, பாலும் குறைகிறது. வெட்டுவாயில் பால் உறைந்து குழாயை அடைப்பதால் ஒழுக்கு நின்றுவிடுகிறது. பாட்டி சொன்னதும் அறிவியல் நூலில் இருப்பதும் ஒன்றே என்று கண்டபோது அவர் பேரன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

புதன்கிழமையே மங்கில் இருந்த பாலைப் பிரித்துக் குழுவுக்குக் கொஞ்சம் கொடுத்தோம். தோட்டத்தில் ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறைய வைப்பார்கள். அது பிள்ளைகள் கைக்கு ஆகாது, ஆகவே சமையல் வினிகர். சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளறினார்கள். பால் திரிந்து கட்டியானது. நீரில் அலசிப் பிழிந்து உருட்டினார்கள், பந்தானது. சுவரில் தாள் ஒட்டி, எந்தக் குழுவின் பந்து எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று கோடு போட்டார்கள். (ரப்பர் பால் ஒவ்வாத பிள்ளைகள் சிலர் உண்டு, முந்திய வாரமே பெற்றோரிடம் கேட்டு, அத்தகைய பிள்ளைக்குக் கோடு போடும் வேலையைக் கொடுத்தோம். இதைச் செய்யப்போகும் ஆசிரியர்கள் மறக்கக்கூடாத விஷயம்.)

நம் மாநிலத்தில் நின்றுகொண்டு இந்த மரத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் இருப்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. 1876-இல் பிரேசிலிலிருந்து விதையாகப் போய், லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் சிலவற்றை பேராக் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோ கோலக் கங்சாரில் நட்டார். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் அங்கே, நில அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அந்தக் கன்றுகளின் வம்சத்தை வெட்டத்தான் நம் கொள்ளுத்தாத்தாக்கள் கப்பலேறி வந்தார்கள். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. நம் பள்ளிகளில் பல அப்படி ஆயாக்கொட்டகைக்குப் பக்கத்துக் கொட்டகையில் தொடங்கியவை. காலையில் தாயோடு போய் மங்கு துடைத்துக் கொடுத்துவிட்டு வந்த பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் வாய்ப்பாடு மட்டும் ஒப்பிக்கக் கிடைத்தது. அதன் கைக்குத் தெரிந்ததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்று தோட்டம் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டது. பால்மரம் வெட்டத் தெரிந்தவர்கள் தாத்தா பாட்டி வயதில் இருக்கிறார்கள். அவர்களை இப்போது வகுப்புக்குள் அழைக்காவிட்டால் பிறகு அழைக்க ஆள் இருக்காது.

வியாழக்கிழமை கடை. புந்தோங்கில் கச்சான் பூத்தே வியாபாரம் செய்யும் ஒரு தகப்பனார் கடலை, முறுக்கு, ஓமப்பொடி என்று பைபையாகக் கொண்டுவந்து, தாளைக் கூம்பாகச் சுருட்டவும் சொல்லிக்கொடுத்தார். 100 கிராம் எவ்வளவு இருக்கும் என்று முதலில் கையில் வைத்துச் சொல்ல வேண்டும், பிறகு தராசில் போட்டுப் பார்க்க வேண்டும். முதலில் எல்லாருமே அளவு தப்பினார்கள். மதியத்துக்குள் சிலர் கை ஏறக்குறைய சரியாகச் சொல்லிற்று. காசு கொடுத்து வாங்கும் இடத்தில்தான் எனக்கு அதிர்ச்சி. இப்போது நாம் கடையில் கைப்பேசியைக் காட்டிக் காசு கட்டுகிறோம். வகுப்பில் பல பிள்ளைகளுக்கு 20 காசையும் 50 காசையும் பார்த்ததும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நாணயத்தைக் கையில் வைத்திராத பிள்ளை பயிற்சி நூலில் நாணயப் படத்தைக் கூட்டிக் கழித்து என்ன பயன்?

தகப்பன் பாசார் மாலாமில் கடை போடும் ஒரு சிறுமி மட்டும் கலங்கவில்லை. 2 வெள்ளி 35 காசுக்கு வாங்கியவர் 5 வெள்ளி நீட்டினார். அவள் தாளில் எழுதிக் கழிக்கவில்லை. 5 காசை வைத்து "இரண்டு நாற்பது" என்றாள். 10 காசு, "இரண்டு ஐம்பது". 50 காசு, "மூணு வெள்ளி". ஒரு வெள்ளித் தாள் இரண்டு, "அஞ்சு". முடிந்தது. கணிதத்தில் அவளுக்கு நான் குறித்திருந்த அடைவுநிலை 3. அன்று மாலை அதை மாற்றி எழுதினேன். பள்ளிக் காவலாளி வந்து "பெராப்பா?" என்று கேட்டபோது மலாயிலும், தலைமையாசிரியர் கேட்டபோது ஆங்கிலத்திலும் பிள்ளைகள் பதில் சொல்லி விற்றார்கள். தனித்தனியாக மூன்று மொழிப் பாடத்தில் வாயைத் திறக்காத பிள்ளைகள் சரக்கு விற்றுத் தீர வேண்டும் என்றதும் பேசினார்கள்.

வெள்ளிக்கிழமை வாரம் முழுக்கச் செய்ததை வரைந்து, ஓரிரு வாக்கியம் எழுதி, கயிற்றில் தொங்கவிட்டோம். அதற்கு மேல் அன்று ஒன்றும் செய்யவில்லை.

இந்தச் செயல்வழிக் கற்றல் எங்கேயாவது பெரிய அளவில் நடந்திருக்கிறதா என்று ஒரு தகப்பனார் நியாயமாகவே கேட்டார். நடந்திருக்கிறது, தமிழ்நாட்டிலேயே. 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திராவின் ரிஷி வேலியில் கிராமப் பள்ளிகளுக்கென்று உருவாக்கிய முறையைப் பார்த்துவிட்டு, மாநகராட்சிப் பள்ளிகள் 13-இல் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் போனது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். பிள்ளை உயரத்துக்குச் சுவரைச் சுற்றிக் கரும்பலகை அடித்து ஆளுக்கொரு பகுதி கொடுத்தார்கள். மேலே கம்பிப் பந்தல் கட்டிப் பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையும் பயிற்சி அட்டைகளை வரிசையாக முடித்துத் தன் வேகத்தில் ஏணிப்படி ஏறியது.

அதில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அங்கும் பெற்றோர் பாடநூல் எங்கே, வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்டார்கள். பிள்ளைகளின் வாசிப்புத் திறன் போதவில்லை என்ற விமர்சனமும் எழுந்தது. சில இடங்களில் அட்டையை எடுத்து முடித்து அடுத்ததை எடுப்பதே சடங்காகிப்போனது. அட்டையில் இருப்பதும் அச்சடித்த பயிற்சிதானே, கைக்குப் பொருள் வராவிட்டால் அதுவும் இன்னொரு பயிற்சி நூல்தான். அதனால் உங்களிடம் ஒன்றை வற்புறுத்திக் கேட்கிறேன்: ஈர்க்கையும் மணலையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், இரவில் கால் மணி நேரம் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாசிப்பு தினம் வேண்டும். அதற்கு இந்த வாரமோ எந்த வாரமோ மாற்று ஆகாது.

இன்னொன்று, சின்னப் பள்ளிகளைப் பற்றி. மலேசியாவிலேயே தமிழ்ப்பள்ளிகள் அதிகம் உள்ள மாநிலம் நம்முடையது, 134 பள்ளிகள். அவற்றில் பலவற்றில் 150 பிள்ளைகள்கூட இல்லை. 30-க்கும் கீழே போய்விட்டால் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்துப் பாடம் நடத்த வேண்டியிருக்கும். இதைக் கேட்டதும் பெற்றோர் பயந்து பிள்ளையை வண்டியேற்றித் தூரத்துப் பெரிய பள்ளிக்கு அனுப்புகிறார்கள். ஆனால் ரிஷி வேலி முறை பிறந்ததே ஓராசிரியர் பள்ளிக்காக, பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாக உட்காரும் வகுப்புக்காக. 15 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் கத்தியின் இழுப்பைப் பக்கத்தில் நின்று பார்க்க முடியும், ஒவ்வொரு பிள்ளையும் கடையில் ஒருமுறை விற்க முடியும். 40 பேர் உள்ள வகுப்பில் பத்துப் பேர் செய்வார்கள், முப்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள். பள்ளி சின்னது என்பதற்காக மட்டும் விலக நினைப்பவர்கள், முடிவெடுக்குமுன் ஒருநாள் வந்து வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள்.

அடுத்த தவணையிலும் இப்படி ஒரு வாரம் வைக்கப்போகிறோம். இந்த முறை ஆண்டு 1-உம் 3-உம் சேர்கின்றன. தையல் தெரிந்த அம்மாக்கள் வேண்டும், சாண் முழக் கணக்கைச் சென்டிமீட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறோம். பூத்தொடுப்பவர்கள் வேண்டும். பட்டறை வைத்திருப்பவர்கள் பழைய நட்டும் போல்ட்டும் ஒரு டப்பா கொடுத்தால் போதும், பிள்ளைகள் ரகம் பிரிப்பார்கள். யார் வீட்டிலாவது எடைக்கல்லோடு பழைய தட்டுத் தராசு கிடந்தால் இரவல் தாருங்கள். மின் தராசில் எண்தான் தெரிகிறது, எந்தப் பக்கம் கனம் என்று தெரிவதில்லை. வேலைக்கு விடுப்பெடுக்க முடியாதவர்கள் காலை முதல் மணி மட்டும் வந்துவிட்டுப் போகலாம். வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்த வாரத்துக்குப் புத்தகப்பை வேண்டாம், உணவு டப்பாவும் தண்ணீர்ப் புட்டியும் பழைய சட்டை ஒன்றும் போதும்.

அன்புடன்,
ஆண்டு 2 வகுப்பாசிரியை ஒருவர்,
கிந்தா பள்ளத்தாக்கு, பேராக்